பாறை மேயும் மீன்களுக்கு ஒரு தொட்டி: மலாவி சிக்லிட் வளர்ப்பு

கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி ஏரியின் கரையோரப் பாறைகளை ஒரு பாசிப்படலம் போர்வை போல மூடியிருக்கும். அதைச் சுரண்டித் தின்பதற்கென்றே வாயும் பல்லும் அமைந்த, சிக்லிட் குடும்பத்து மீன்கள் எம்புனா. ஏரிக்கரையில் வாழும் தோங்கா மக்கள் தங்கள் மொழியில் பாறைமீன்களுக்கு வைத்த பெயர் அது. ஆப்பிரிக்க சிக்லிட் என்ற பெயரில் விற்பனைக்கு வரும் மஞ்சள், நீல, வரி மீன்களில் பெரும்பகுதி இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது.

இந்த மீன்களின் சண்டை, நோய், அவற்றுக்கான தொட்டி அமைப்பு எல்லாவற்றுக்கும் வேர் அந்தப் பாசிதான். பாசி வளரும் பாறையை ஒவ்வோர் ஆணும் தன் சொத்தாகக் காவல் காக்கும்; அதனால் ஓயாத விரட்டல். பாசியில் சத்து குறைவு. நாள் முழுக்க மேய்ந்து, நீண்ட குடலில் மெல்லச் செரித்தால்தான் உடம்பில் ஒட்டும். அதனால் கொழுத்த தீனி ஒத்துக்கொள்ளாது. ஓயாமல் தின்னும் மீன் ஓயாமல் கழிக்கும். அதனால் ஃபில்டர் பெரிதாக வேண்டும். தொட்டி அமைக்கும்போது எழும் பாதிக் கேள்விகளுக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும்.

முதலில் ஏரியைத் தேர்ந்தெடுங்கள்

ஆப்பிரிக்க சிக்லிட் என்பது ஒரே வகை மீன் கிடையாது. மலாவி, தாங்கனிக்கா, விக்டோரியா என்ற மூன்று ஏரிகளிலிருந்தும் மீன்கள் வருகின்றன. மூன்றின் தண்ணீரும் வேறு, மீன்களின் குணமும் வேறு. ஒரு தொட்டிக்கு ஓர் ஏரி என்று வைத்துக்கொண்டால் பல சிக்கல்கள் தொடங்கும் முன்பே தீரும். மலாவியிலிருந்தே வந்தாலும் பீகாக் மீன்களையும் எம்புனாவையும் சேர்க்காமல் இருப்பது நல்லது. பீகாக் மணல்வெளியில் பூச்சிப்புழு தேடித் தின்னும் சாதுவான மீன். எம்புனாவின் விரட்டலில் அது நிறம் மங்கி ஒடுங்கிவிடும். தீனியும் இரண்டுக்கும் பொருந்தாது.

இடம் இரண்டடித் தொட்டிக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால் எம்புனா ஆசையை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் தாங்கனிக்காவின் குட்டிச் சிப்பிவாழ் மீன்களை வளர்க்கலாம். மல்ட்டிஃபேசியட்டஸ் என்ற இனம் 4, 5 செ.மீ.க்கு மேல் வளராது. 60 லிட்டர் தொட்டியில் மணலும் இருபது முப்பது காலி நத்தைக் கூடுகளும் போட்டால் ஒரு குடும்பமே அதில் பெருகும். கீழே சொல்லப்படுவதெல்லாம் எம்புனாவுக்கானது.

தொட்டியும் அதன் எடையும்

120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். எம்புனாவுக்கு இதுதான் சரியான தொடக்க அளவு. உயரத்தைக் கூட்டி நீளத்தைக் குறைத்து வாங்க வேண்டாம். விரட்டப்படும் மீன் தப்பித்து ஓட நீளம் வேண்டும். பாறை அடுக்கத் தரைப்பரப்பு வேண்டும், அதை அகலம் தரும். 30 செ.மீ. அகலத் தொட்டியில் பாறை வைத்தபின் நீந்த இடமே இருக்காது.

வெளியளவை வைத்துப் பெருக்கினால் 270 லிட்டர் வரும். கண்ணாடித் தடிமன், மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உண்மையில் நிற்கும் தண்ணீர் சுமார் 200 லிட்டர்தான். மருந்து, உப்பு எதைக் கணக்கிட்டாலும் இந்த 200-ஐ வைத்தே கணக்கிடுங்கள். 10 மி.மீ. கண்ணாடியில் செய்த தொட்டி மட்டும் 55 கிலோ வரும். தண்ணீர், 50 கிலோ கல், 30 கிலோ மணல் சேர்ந்தால் மொத்தம் 335 கிலோவைத் தாண்டும். ஸ்டாண்டு அதைத் தாங்க வேண்டும், தரையும் தாங்க வேண்டும். ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் பாருங்கள். கோணலாக நிற்கும் தொட்டியில் சிலிக்கான் ஒட்டு ஒரு பக்கமாக இழுபட்டு, சில மாதங்கள் கழித்துக் கசியும். தொட்டியின் அடியில் மெல்லிய தெர்மகோல் அல்லது ஃபோம் விரிப்பு போடுங்கள். வெயில் நேராகப் படும் இடத்தைத் தவிருங்கள்.

கல் முதலில், மணல் பிறகு

இந்த வரிசையை மாற்றினால் ஒருநாள் கண்ணாடி உடையும். எம்புனா மணலைத் தோண்டும். மணல்மேல் நிற்கும் கல்லின் அடியை நான்கு நாளில் வெறுமையாக்கிவிடும். கல் சரிந்து கண்ணாடியில் மோதும், அல்லது மீனை நசுக்கும். எனவே தொட்டியின் அடிக்கண்ணாடிமேல் நேரடியாகக் கட்டம்போட்ட பிளாஸ்டிக் தட்டையோ தண்ணீரில் கரையாத ஃபோம் விரிப்பையோ போட்டு, அதன்மேல் பெரிய அடிக்கற்களை ஆடாமல் உட்கார வையுங்கள். கையால் அழுத்திப் பார்த்து, அசையாது என்று உறுதியானபின் அடுத்த வரிசை. நம்பிக்கை இல்லாத இடங்களில் மீன்தொட்டிக்கான சிலிக்கானால் ஒட்டி, 48 மணி நேரம் காயவிடுங்கள்.

கல் அடுக்குவதில் கவனிக்க வேண்டியது பொந்துகள். ஒவ்வொரு பொந்துக்கும் இரண்டு வாய் இருக்க வேண்டும். ஒரே வாய் உள்ள பொந்தில் நுழைந்த பலவீனமான மீன், வெளியே ஆண் மீன் காத்து நிற்கும்போது தப்ப வழியில்லாமல் அடிபட்டுச் சாகும். கற்குவியலைத் தொட்டியின் முழு நீளத்துக்கும், உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை எழுப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் குவியலைப் பிரித்தால் இரண்டு ஆண்களுக்கு இரண்டு ராஜ்ஜியம் கிடைக்கும். பின் கண்ணாடியிலிருந்து சில செ.மீ. தள்ளி அடுக்கினால் பின்னால் தண்ணீர் ஓடும், அழுக்கு தேங்காது. முன்பக்கம் 10 செ.மீ. காலியாக விடுங்கள், கண்ணாடி துடைக்கக் கை போக வேண்டும்.

சுண்ணாம்புக்கல், எரிமலைக் கல், வழவழப்பான ஆற்றுக் கூழாங்கல் எல்லாம் ஆகும். கூர் முனை உள்ள கல்லையும், உலோகக் கோடுகள் மின்னும் கல்லையும் ஒதுக்குங்கள். சுண்ணாம்புக்கல்லா என்று அறிய வினிகர் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் ஆம். வேறு தொட்டிகளில் அந்தக் கல்லுக்கு இடமில்லை. இங்கே தாராளமாக வைக்கலாம். மரக்கட்டை மட்டும் வேண்டாம். கட்டையிலிருந்து கசியும் சாறு தண்ணீரை அமிலத் தன்மைக்கு இழுக்கும். செடி வேண்டுமென்றால் கல்லில் கட்டிவைத்த அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் ஓரளவு பிழைக்கும், மற்றவை இரையாகிவிடும்.

கல் அடுக்கியபின் அதன் இடுக்கிலெல்லாம் 3, 4 செ.மீ. உயரத்துக்கு மணல் இடுங்கள். இந்தத் தொட்டிக்கு சுமார் 30 கிலோ ஆகும். அரகொனைட் என்ற சுண்ணாம்பு மணலோ சுத்தமான சாதாரண நைஸ் மணலோ போதும். வாளியில் இட்டு, அலசும் நீர் தெளியும்வரை கழுவுங்கள்.

ஃபில்டர், ஹீட்டர், விளக்கு

ஃபில்டர் பெட்டிமேல் எழுதியிருக்கும் வேகம் உள்ளே மீடியா எதுவும் இல்லாத நிலையில் அளந்தது. ஸ்பாஞ்சும் செராமிக் வளையமும் நிரப்பி, அழுக்கும் சேர்ந்தபின் அதில் மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே பெரிது. எனவே பெட்டிமேல் எழுதிய வேகப்படி ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் எட்டு முதல் பத்து முறை சுழலும்படி திட்டமிடுங்கள். 200 லிட்டருக்கு மணிக்கு 1,000 லிட்டர் என்று எழுதிய கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய பெட்டி) இரண்டு வாங்கி ஆளுக்கொரு மூலையில் வைப்பது, 2,000 லிட்டர் ஃபில்டர் ஒன்று வாங்குவதைவிட நல்லது. ஒன்று நின்றாலும் மற்றது காப்பாற்றும். ஒன்றைக் கழுவும் வாரம் மற்றதைத் தொடாமல் விடலாம்.

கூடவே ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று எப்போதும் ஓடட்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். கூட்டமாக மீன் வளர்க்கும் தொட்டியில் மின்சாரம் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன்தான். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் கையில் இருந்தால் அந்த நேரம் கடந்துவிடும். கேனிஸ்டர் பல மணி நேரம் நின்றுவிட்டால் அப்படியே மீண்டும் ஓடவிடாதீர்கள். மூடிய பெட்டிக்குள் ஆக்சிஜன் இல்லாமல், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா செத்து அழுகிய தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் பாயும். திறந்து, தண்ணீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே ஓட்டுங்கள்.

வெப்பம் 25, 26 டிகிரி. 150 வாட் ஹீட்டர் இரண்டு போதும். ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் அது மட்டும் தண்ணீரைச் சட்டென்று கொதிநிலைக்குக் கொண்டுபோகாது. ஹீட்டரைக் கல் இடிக்காத இடத்தில் பொருத்துங்கள். விளக்கு நாளுக்கு எட்டு மணி நேரம். பாறையில் பச்சைப் பாசி பிடித்தால் துடைக்காதீர்கள், மீன் அதைத்தான் தேடி வந்திருக்கிறது. முன் கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும்.

தண்ணீரின் தன்மை

தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண் பி.எச். மலாவி ஏரியில் அது 7.7 முதல் 8.6 வரை. தொட்டியில் 8 முதல் 8.4-க்குள் நிலையாக நின்றால் நிறைவு. எண்ணைவிட நிலைத்தன்மைதான் பெரிது. அதைப் பிடித்து நிறுத்துவது கார்பனேட் கடினத்தன்மை; சுருக்கமாக கே.எச். மீன் கழிவைப் பாக்டீரியா சிதைக்கும்போது அமிலம் உண்டாகும். கே.எச். அந்த அமிலத்தை விழுங்கிக்கொண்டே குறையும். அது தீர்ந்த நாளில் பி.எச். சரசரவென்று இறங்கும்.

சுண்ணாம்புக்கல் போட்டாயிற்று, இனிப் பார்க்க வேண்டாம் என்று நினைப்பது பலரும் செய்யும் தவறு. பி.எச். 8-ஐ நெருங்கிய தண்ணீரில் சுண்ணாம்பு மிக மெதுவாகத்தான் கரையும். கல் துணை நிற்கும், ஆனால் வேலையைச் செய்வது சமையல் சோடா. 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா போட்டால் கே.எச். 1 டிகிரி (கடினத்தன்மையை அளக்கும் அலகு) உயரும். பொதுக் கடினத்தன்மை (தண்ணீரில் கரைந்த கால்சியம், மக்னீசியத்தின் அளவு) குறைவாக இருந்தால் எப்சம் உப்பு: 100 லிட்டருக்கு சுமார் 4.5 கிராம் போட்டால் அது 1 டிகிரி உயரும்.

முதலில் குழாய்த் தண்ணீரை டெஸ்ட் கிட்டில் சோதியுங்கள். கே.எச். 6 முதல் 10-க்குள்ளும், பி.எச். 7.8-க்கு மேலும் இருந்தால் எதையும் சேர்க்க வேண்டாம். கே.எச். 3 என்று வந்து, அதை 7-க்கு ஏற்ற வேண்டுமானால் 200 லிட்டருக்கு 24 கிராம் சோடா. மீன் இல்லாத தொட்டியில் ஒரே நாளில் போடலாம். மீன் இருந்தால் நாளுக்கு 1 டிகிரி, மிஞ்சினால் 2. அதன்பின் தண்ணீர் மாற்றும்போது புதிதாக ஊற்றும் தண்ணீருக்கு மட்டும் கணக்கிட்டுக் கலந்து ஊற்றுங்கள். ஆவியாகிப் போன தண்ணீருக்கு ஈடாக ஊற்றும்போது சோடா சேர்க்காதீர்கள். நீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே நிற்கும். குளோரின் கலந்த தண்ணீராக இருந்தால் ஆன்டி குளோரின் கட்டாயம்.

மீன் இல்லாமல் நடக்கும் வாரங்கள்

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை, மீன் விடும் முன்பே ஃபில்டரில் வளர்ப்பதுதான் சைக்கிளிங். இந்தத் தொட்டியில் அதைத் தவிர்க்க முடியாததற்குத் தனிக் காரணம் உண்டு. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று பெரிதாகத் தீங்கு செய்யாது, மற்றது விஷம். விஷ வடிவின் பங்கு பி.எச். உயர உயரப் பெருகும். 26 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷமாக இருக்காது. அதே வெப்பத்தில் பி.எச். 8.5 என்றால் நூற்றில் 16 பங்கு. சாதாரண தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவு அம்மோனியா இங்கே செவுளைப் பொசுக்கிக் கொன்றுவிடும். தொட்டி வைத்த மறுநாளே மீன் விட்டவர்களின் மீன்கள் ஒரே வாரத்தில் சாவது பெரும்பாலும் இதனால்தான்.

எல்லாவற்றையும் ஓடவிட்டு, 200 லிட்டருக்கு 1.3 கிராம் அம்மோனியம் குளோரைடு கரையுங்கள். அம்மோனியா சுமார் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி.) காட்டும். மணமோ சோப்போ சேராத சுத்தமான அம்மோனியாக் கரைசலும் ஆகும்; பாட்டிலைக் குலுக்கி நுரை நின்றால் அது ஆகாது. வெப்பம் 27, 28 டிகிரியில் இருந்தால் பாக்டீரியா வேகமாகப் பெருகும். முதல் இரண்டு வாரத்தில் அம்மோனியா குறையத் தொடங்கி நைட்ரைட் ஏறும். அம்மோனியா பூஜ்யத்தைத் தொடும்போதெல்லாம் மறுபடி அதே அளவு போடுங்கள். பிறகு நைட்ரைட் இறங்கி நைட்ரேட் சேரும். மொத்தம் நான்கு முதல் ஆறு வாரம். நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து அழுக்கு ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் பாதி நாளில் முடியும்.

நடுவில் எல்லாம் அசையாமல் நின்றுவிட்டால் கே.எச். பாருங்கள். பாக்டீரியா அதையும் தின்கிறது, தீர்ந்திருக்கும். சோடா போட்டால் மீண்டும் நகரும். 2 பிபிஎம் அம்மோனியா போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். தண்ணீரில் முக்கால் பங்கை மாற்றி நைட்ரேட்டை இறக்கி, மறுநாளே மீன் விடுங்கள். சும்மா வைத்திருந்தால் பாக்டீரியா பட்டினி கிடக்கும்.

எந்த மீன், எத்தனை

சில மீன்களைக் குட்டியில் பார்த்து மயங்கி வாங்கக் கூடாது. ஆரட்டஸ், கென்யி இரண்டும் குட்டியில் அழகு கொள்ளையடிக்கும். வளர்ந்த ஆண் நான்கடித் தொட்டியில் மற்ற எல்லாவற்றையும் கொன்றுவிட்டுத் தனியே உலவும். டெமசோனி சிறியது, ஆனால் தன் இனத்தையே குறிவைக்கும். பன்னிரண்டுக்குக் குறைவாக வைத்தால் ஒன்றொன்றாகக் குறைந்து ஒன்றில் முடியும்.

தொடங்குவோருக்குப் பொருத்தமான மூன்று: எல்லோ லேப், ரஸ்டி, ஏசெய். மஞ்சள், துரு நிறம், ஊதா நீலம். மூன்றும் ஒன்றையொன்று போல இல்லாததால் பகையும் குறைவு, கலப்பினம் பிறக்கும் வாய்ப்பும் குறைவு. ஏசெய் ஏரியில் மூழ்கிய மரங்களைச் சுற்றி மேயும் மீன். பாறைக்கு மேலே உள்ள காலி இடத்தில் நீந்தும், ஆகவே இடப் போட்டியும் குறையும். எல்லோ லேப் இருக்கும் தொட்டியில் ரெட் ஜீப்ரா சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்து பிறக்கும் குஞ்சு எந்த இனமும் இல்லாமல் போகும், அதை வேறொருவருக்குக் கொடுத்தால் அவர் தொட்டியும் கெடும்.

ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்பது இலக்கு. குட்டியில் ஆண் பெண் தெரியாது என்பதால் 4 செ.மீ. குட்டிகளை இனத்துக்கு எட்டாக, மொத்தம் 24 வாங்கி ஒரே நாளில் விடுங்கள். வளர்ந்து ஆண்கள் அடையாளம் காட்டத் தொடங்கும்போது மிகுதி ஆண்களை அகற்றி 16 முதல் 18-ல் நிறுத்துங்கள். இத்தனை மீனா என்று தோன்றலாம். கூட்டம் குறைந்தால் வலிய ஆண் ஒரே மீனைக் குறிவைத்து விரட்டும். கூட்டத்தில் யாரை விரட்டுவது என்று தெரியாமல் கோபம் சிதறிப்போகும். அதற்கு விலை தண்ணீர் மாற்றம்; கூட்டம் வைத்துவிட்டு அதில் சுணங்க முடியாது.

பிற்பாடு புது மீன் சேர்க்க நேர்ந்தால் கற்களைக் கலைத்து வேறு விதமாக அடுக்கிவிட்டு, விளக்கை அணைத்தபின் புது மீனை விடுங்கள். பழைய மீன்களின் எல்லை அழிந்து எல்லாமே புதிதாகத் தொடங்கும்.

பையில் நெடுநேரம் பயணம் செய்து வந்த மீனுக்கு ஓர் எச்சரிக்கை. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அம்மோனியாவும் சேர்ந்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அம்மோனியா அங்கேயே விஷமாகும். எனவே மூடிய பையை 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். திறந்தவுடன் தாமதிக்காமல் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் வரக் கூடாது.

தீனியும் வயிற்று வீக்கமும்

ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசி முதன்மையாக உள்ள தீனி நாளுக்கு இருமுறை, ஒரு நிமிடத்துக்குள் தின்று முடிக்கும் அளவு. வாரத்தில் ஒரு நாள் தீனியே வேண்டாம். வெந்நீரில் வாட்டிய கீரையோ பட்டாணியோ இடையிடையே கொடுக்கலாம். மாட்டிறைச்சி, ரத்தப்புழு, டியூபிஃபெக்ஸ் புழு எதுவும் வேண்டாம். இந்த மீன்கள் எப்போதும் பசிப்பது போலவே ஓடி வரும், அதைக் கண்டு இரங்கிப் போடும் தீனிதான் பல எம்புனாக்களின் உயிரை எடுத்திருக்கிறது.

மலாவி புளோட் என்ற வயிற்று வீக்க நோய்க்கு ஒவ்வாத தீனி, ஓயாத விரட்டலால் வரும் அழுத்தம், அழுக்குத் தண்ணீர் மூன்றும் வழிவிடும். வயிறு வீங்கிய பிறகு பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. அதற்கு முன்பே தெரியும் குறி: ஓடி வந்து தீனியை வாயில் வாங்கித் துப்பும்; வெள்ளை நூல் போலக் கழிக்கும்; மூலையில் ஒதுங்கி வேகமாக மூச்சு விடும். அன்றே 40 லிட்டர் தனித் தொட்டிக்கு மாற்றி, 250 மி.கி. மெட்ரோனிடசோல் கரைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றி மருந்தை மீண்டும் இடுங்கள், மூன்று முறை. பெரிய தொட்டியில் பாதித் தண்ணீர் மாற்றி, மூன்று நாள் தீனியை நிறுத்துங்கள்.

மேல்மூலையில் துடுப்பு கிழிந்து தொங்கியபடி நிற்கும் மீன் நோயாளி ஆகாது, அடிபட்ட மீன். பிரித்து வைத்தால் பிழைக்கும், விட்டால் மறுநாள் இருக்காது. அடிக்கும் ஆணை அகற்றினால் தீரும் என்று நினைக்க வேண்டாம். அடுத்த ஆண் ஒரு வாரத்தில் நிறம் ஏறி அதே வேலையைத் தொடங்கும். மிகவும் கொடியதாக இருந்தால் மட்டும் அகற்றுங்கள்.

வாராவாரம் 40 சதவீதத் தண்ணீர் மாற்றம். நைட்ரேட் 40 பிபிஎம்மைத் தாண்டினால் மாற்றும் அளவைக் கூட்டுங்கள். சைஃபன் குழாயால் கல் இடுக்கில் தேங்கிய கழிவை உறிஞ்சுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்; குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியா ஒரு நிமிடத்தில் போகும்.

வாயில் குஞ்சு

ஒருநாள் ஒரு பெண் மீன் தீனிக்கு வராது, தாடை உப்பியிருக்கும், எதையோ மெல்வது போல அசைத்துக்கொண்டே இருக்கும். நோயென்று மருந்து ஊற்றிவிடாதீர்கள். வாயில் முட்டை வைத்திருக்கிறது. முட்டையிட்டதும் அதை வாயில் எடுத்துக்கொண்டு, ஆணின் அடித்துடுப்பில் முட்டை போலவே இருக்கும் மஞ்சள் புள்ளிகளைக் கொத்தும்போது பெண்ணின் வாயிலேயே கருவுறுதல் நடக்கும். சுமார் மூன்று வாரம் எதுவும் தின்னாது. குஞ்சு வேண்டுமானால் இரண்டாவது வாரத்தின் முடிவில், விளக்கணைத்த பின் மெதுவாகப் பிடித்து, ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடும் 40 லிட்டர் தொட்டிக்கு மாற்றுங்கள். அவசரப்பட்டுப் பிடித்தால் அச்சத்தில் துப்பிவிடும். குஞ்சுகளை வெளியே விட்டபின் தாயை நாலைந்து நாள் தனியே வைத்துத் தீனி கொடுத்துத் தேற்றிய பிறகே பெரிய தொட்டிக்கு அனுப்புங்கள். மெலிந்து திரும்பும் மீனை ஆண்கள் விடமாட்டார்கள். குஞ்சுகள் முதல் நாளிலிருந்தே பொடித்த ஸ்பைருலினா தீனியைத் தின்னும். நாளுக்கு நான்கு முறை, கிள்ளளவு.